எத்தனை லிட்டர்

கீழக்கரையில் மீனைக்
கிலோவில் வாங்குவார்கள்.
நான் ஜோடியாக.

ஐஸ் பிளான்ட்டில் கணக்கெழுதும் வேலை.
பகலெல்லாம் சீலா, விளமீன், நகரை, பாறை,
பெட்டிக்கு எத்தனை கட்டி, யார் பாக்கி.
சாயங்காலம் ஆறரைக்கு
சுண்டுவிரல் நகமளவு கப்பி ஒன்று
சாப்பிட்டதா என்று குனிந்து பார்ப்பேன்.
"கடலை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு
கண்ணாடிக்கு முன்னால உக்காந்திருக்கு பாரு"
லோடு ஏற்றும் அருளப்பன்
இதைச் சொல்லாத நாளில்லை.

சீனி இஸ்மத் கடைப் பலகையில்
'அக்வா' மட்டும் நிற்கிறது.
அதற்கப்புறம் என்ன இருந்தது என்று
இஸ்மத்துக்கே மறந்துவிட்டது.
ரீசார்ஜ் கடைக்கும் பர்தாக் கடைக்கும் நடுவே
ஒரு கதவு அகலம்.
கரண்ட் பில்லுக்குப் பயந்து இருட்டாகவே வைத்திருப்பார்.
ஆள் வந்தால்தான் விளக்கு.
விளக்கு வந்தால்தான் மீன்.

வாங்க என்று சொல்ல மாட்டார்.
"எத்தனை லிட்டர்?"
இருபத்தஞ்சு.
"அதுக்கு இது ஆகாது. என்ன தண்ணி?
போரா, லாரியா, காவிரியா?"
போர்.
"அப்ப இதுவும் ஆகாது."
காசைக் கையில் பிடித்துக்கொண்டு
மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.
மத்தியானம் போனால் பூட்டு.
எந்த விலையும் ஊரைவிட நாற்பது ரூபாய் கூட.
ஒருமுறை வெள்ளைப்புள்ளி விழுந்த மோலியைத் தந்துவிட்டு
"எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு"
என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்.

போன் அப்படியெல்லாம் கேட்கவில்லை.
இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள் என்றது.
நானும் வாங்கினேன்.
பன்னிரண்டு நியான் டெட்ரா,
நாலு நாள் பயணம்,
ராமநாதபுரத்தில் ஒரு ராத்திரி குடோனில்.
பையைப் பிரிக்காமல் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.
எடுத்தேன், என் கை நடுங்குவது
அதில் தெரிகிறது.
இரண்டே நாளில் முழுப்பணம்.
எப்படிச் செத்தது, என்ன தண்ணி,
ஒரு வார்த்தை?
செத்ததற்கு இவ்வளவு மரியாதையாக
யாரும் என்னிடம் நடந்துகொண்டதில்லை.

அதற்காகத் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
பில்டர் வாங்கினேன், அங்கேயேதான்,
தொண்ணூறு ரூபாய் மிச்சம்.
மூன்றாம் வாரம் ஒழுகியது.
ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டு
இஸ்மத்திடம் கொண்டுபோனேன்.
திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.
மேஜைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை
காலால் தள்ளி வெளியே விட்டார்.
அதே மஞ்சள் டேப். அதே அம்புக்குறி.
"மெட்ராஸ் மொத்தக்காரன் எனக்குச் சொல்ற விலைக்கு
இவன் உனக்கே விக்கிறான்.
நான் மட்டும் வேற எங்க போறது?"
சைக்கிள் ட்யூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி
உள்ளே வைத்து இறுக்கினார்.
பதினைந்து ரூபாய்.
பத்து கொடுத்தேன்.
பதினைந்து என்றார்.

நேற்று மறுபடி ஒரு பார்சல்.
கூரியர்காரன் பிளான்ட் வாசலிலேயே கொடுத்துவிட்டான்.
ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு
முகத்தை ரீசார்ஜ் கடைப் பக்கம் திருப்பியபடி
மெதுவாகக் கடந்தேன்.
வண்டிச் சத்தம் கேட்டு
ஆள் வருவதாக நினைத்திருப்பார்.
விளக்கைப் போட்டார்.
பதினெட்டுத் தொட்டியும்
ஒரே நேரத்தில் தெரிந்தது:
ஆரஞ்சு, கறுப்பு, வால் கிழிந்த ஒரு ஃபைட்டர்,
நடுவில் அவர்,
கையில் வலையோடு.

பிறகு அணைத்தார்.

முக்கு வரை போய்விட்டேன்.
பார்சலைச் சீட்டுக்கு அடியில் திணித்தேன்,
பாதிதான் மூடியது.
திரும்பி வந்தேன்.
வாங்க எதுவும் இல்லை.
"புழு வந்திருக்கா?"
மஞ்சள் டேப் நீட்டிக்கொண்டிருப்பதை
பார்த்தாரா தெரியாது.
"வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு வா" என்றார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.